தொல்நாப்பியம்: மூன்று அதிகாரமும் ஒரு வாளியும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல், இடுப்பில் கயிறு இல்லாத கோவணம் போன்றது, நிற்காது. நூலின் தொடக்கத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் விதி. அதை மீறும் துணிவு எனக்கில்லை.

ஆக்கியோன்: ஏழு மாதப் பெண் குழந்தையின் தகப்பன். வழி: முதல்நூல் என் அம்மாவின் வாய்மொழி, இது வழிநூல். எல்லை: வடக்கே குளியலறை, தெற்கே பால்கனிக் கொடி, இடையில் மடிப்பாக்கத்து இரண்டாம் மாடி வீடு. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: முக்கோண மடிப்பு. நுதலிய பொருள்: வாங்கி எறியும் டயப்பரிலிருந்து துவைத்துக் கட்டும் துணிக்கு ஒரு குடும்பம் மாறிய வரலாறு. கேட்போர்: இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் எழுந்து நடமாடத் தெரிந்தவர்கள். பயன்: அறம், பொருள், உலர்ந்த பிட்டம்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது மரபு. இந்நூல் என் மாமியார் முன்னிலையில், அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அரங்கேறியது. அவர் ஒரு தடை எழுப்பினார். அதை மரபியலில் காண்க. என் மனைவி எழுப்பியது வினா. "மாறலாம். யாரு துவைக்கிறது?"

நூல் முழுவதும் அந்த ஒரு வினாவுக்கான விடைதான். ஆய்வாளர்களின் வழக்கப்படி, எளிய விடையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றை விரிவாகப் பேசுகிறேன்.

முதலாவது எழுத்ததிகாரம்

எழுதப்படுவது எழுத்து. துணியும் ஓலையைப் போல எழுதப்படும் ஏடுதான். நம் வீட்டுப் புலவர் பிறந்த அன்றே எழுத்தாணி இல்லாமல் தொடங்கிவிடுகிறார். முதல் இரண்டு மூன்று நாள் வருவது தார் போன்ற கருமை. மருத்துவர் அதை மெக்கோனியம் என்பார். நம் ஆச்சிமார் காட்டுப்பீ என்றார்கள். அப்புறம் பச்சை கலக்கும். தாய்ப்பால் நிலைத்ததும் கடுகை அரைத்துவிட்ட மஞ்சளுக்கு வந்து நிற்கும். எழுத்தின் சுழியைப் பார்த்தே கல்வெட்டின் நூற்றாண்டைச் சொல்லும் அறிஞர் உண்டல்லவா? என் அம்மா துணியைப் பார்த்தே பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள்.

ஒன்றுக்கு உயிரே; இரண்டுக்கு மெய்யே;
ஒன்றும் இரண்டும் ஒருங்குடன் வரினே
உயிர்மெய் என்ப உணர்ந்திசி னோரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், துணியில் தோன்றும் எழுத்துகளின் வகை உணர்த்துதல் நுதலிற்று. ஒன்றுக்கு என்பது தானே இயங்குவது, யாருடைய அனுமதியும் வேண்டாதது, ஆதலின் உயிர். இரண்டுக்கு இயங்கச் சற்று முயற்சி வேண்டும், முகம் சிவக்கும், கை முஷ்டி மடங்கும், ஆதலின் மெய். இரண்டும் கூடி வருவது உயிர்மெய். தமிழ் நெடுங்கணக்கில் போலவே இங்கும் எண்ணிக்கையில் மிகுதி அதுதான். ஓசை மட்டும் பெரிதாக எழுந்து, ஓடிப்போய் அவிழ்த்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாதது ஆய்தம். மாத்திரையும் உண்டு. விழித்திருக்கையில் நனைப்பது குறில். தூக்கத்தில் நனைப்பது நெடில். இரவு பதினொன்று முதல் விடியும்வரை மாற்றாமல் விட்டது அளபெடை. அளபெடை பாயில்தான் முடியும்.

எழுத்தை எண்ணுவதிலும் பயன் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் போதுகிறதா என்ற கவலை பெற்றவளைத் தின்னும் காலத்தில், முதல் வாரம் கடந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது நனைத்தால் பால் இறங்குகிறது என்று கொள்ளலாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. துணி கட்டும் வீட்டில் இந்தக் கணக்கு தப்பாது, கொடியே பேரேடு. டயப்பரில் நான்கு உயிரெழுத்து ஒரே ஏட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, பிரித்துப் படிக்க முடியாமல் போகிறது. இந்தக் குறையை உணர்ந்தோ என்னவோ, டயப்பரின் நடுவே மஞ்சள் கோடு ஒன்று வைத்தார்கள். ஈரம் பட்டால் அது நீலமாகும். நனைந்தது என்று சொல்லும்; எத்தனை தரம் என்று சொல்லாது. துப்புக் கொடுத்துவிட்டு நழுவும் சாட்சி அது.

இனிக் கறை. சொற்கள் புணரும்போது வரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். கறைக்கும் அவையே. தோன்றலுக்கு உரை தேவையில்லை. திரிதல் என்பது, உடனே அலசாமல் விட்ட மஞ்சள் பழுப்பேறுவது. அவசரத்தில் வெந்நீரில் முக்கிவிட்டால் அது துணியோடு கெட்டிப்பட்டுவிடும். முதல் அலசு பச்சைத்தண்ணீரில்தான். கெடுதலே இவ்வதிகாரத்தின் அற்புதம். அலசிய துணியை ஈரத்தோடு வெயிலில் விரித்துவிட்டு மத்தியானம் போய்ப் பாருங்கள்: கறை இராது. "வெயில் தின்னுரும்" என்பாள் அம்மா.

அவள் சொன்னதற்கு உரை எழுதப் புகுந்த நான் இங்கிலாந்துவரை போக வேண்டியதாயிற்று. அந்த மஞ்சளுக்குக் காரணம் பிலிருபின் என்ற நிறமியும் அதன் வழிவந்த பொருள்களும். ஒளி பட்டால் அவை சிதையும். 1950களில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயில் படும் இடத்துக்குக் கொண்டுபோய்வரும் வழக்கம் வைத்திருந்தார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958இல் ரிச்சர்ட் கிரீமரும் உடன் பணியாற்றியவர்களும் இதைத் தொடர்ந்து ஒளிச் சிகிச்சை பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். பச்சைக் குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு இன்று ஆஸ்பத்திரியில் நீல விளக்கு போடுகிறார்களே, அதன் தொடக்கம் அங்கே. காமாலைக்கு ஆஸ்பத்திரி விளக்குதான் வேண்டும். துணிக்கு மடிப்பாக்கத்து வெயில் போதும். ஒரே வேதியியல், இரண்டு கொடிகள்.

இரண்டாவது சொல்லதிகாரம்

இந்நூலின் தலைவிக்கு இடுப்பில் கட்டப்படும் பொருளுக்குப் பாடபேதங்கள் பல. ஆஸ்பத்திரியில் டயப்பர். மருந்துக்கடையில், எந்தக் கம்பெனி சரக்கானாலும், பாம்பர்ஸ். மாமியார் வழக்கில் பேடு. மனைவி வழக்கில் நாப்பி. திருநெல்வேலிக்காரியான என் அம்மாவுக்கு எல்லாமே கோமணம், வெளிநாட்டிலிருந்து நண்பர் அனுப்பிய, ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட, பொத்தான் பதினாறு வைத்த மூங்கில் நாரிழைத் துணியையும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோமணந்தான, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பொத்தான்?" என்றாள்.

சொல்லின் வேரைத் தோண்டினால் ஒரு வேடிக்கை வெளிப்படுகிறது. டயப்பர் என்பது முதலில் ஒரு துணியின் பெயர். சிறு சிறு சாய்சதுரக் கட்டங்களை நெசவிலேயே கொண்டுவந்த வெள்ளைத் துணி. கிரேக்கத்தில் தொடங்கி இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத் தொடக்கத்தில் ஒரு பிரபு, தண்ணீர்க் குவளையோடு ஒரு டயப்பரும் கொண்டுவரச் சொல்கிறான். கை துடைக்கத்தான், வேறு ஐயம் வேண்டாம். நாப்கின் கதையும் இதுதான். பிரெஞ்சில் மேசை விரிப்பைக் குறித்த சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து, சின்னத் துணி என்றாயிற்று. செல்லமாகச் சுருங்கி நாப்பி ஆயிற்று. ஆகத் துணியைத் தூக்கி எறிந்தவர்கள் துணியின் பெயரை எறிய மறந்துவிட்டார்கள். ஊரை விட்டுப் போனவர் ஊர்ப்பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்வதுபோல.

அரசாங்கமும் இந்த இடத்தில் வேற்றுமை பார்ப்பதில்லை. சுங்க அட்டவணையில் நாப்கினுக்குரிய தலைப்பு எண் 9619. 'எப்பொருளால் ஆனதாயினும்' என்று அந்தத் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. எப்பொருளாயினும் என்று தொடங்கும் வாசகம் எதைப் படித்தாலும் தமிழனுக்குத் திருவள்ளுவர் நினைவு வரும். சுங்கத்துறை வள்ளுவரையும் முந்திக்கொண்டு மெய்ப்பொருள் காணாமலே வரி போட்டுவிடுகிறது.

பெயர்ச்சொல் இவ்வளவு. வினைச்சொல்லில்தான் இரண்டு குலங்களும் பிரிகின்றன. டயப்பருக்கு வினை இரண்டே: மாட்டு, எறி. துணிக்கோ: மடி, கட்டு, அவிழ், அலசு, ஊறவை, கசக்கு, கும்மு, பிழி, உதறு, காயப்போடு, எடு, மறுபடி மடி. மேற்கண்டவற்றுள் 'உதறு' என்பதை இளம் ஆய்வாளர்கள் இடைச்சொல் என்று கருதி விட்டுவிடுகிறார்கள். பிழை. உதறாமல் காயப்போட்ட துணி விறைத்து அப்பளமாகும். அப்பளத்தைப் பிள்ளைக்குக் கட்டினால் தொடை சிவக்கும். என் முதல் வாரத் துணிகளைத் தொட்டுப் பார்த்த அம்மா, "எய்யா, நல்லா ரெண்டு உதறு உதறிப் போடு. கருவாடா காயப்போடுத?" என்றாள். இதற்கு மேற்பட்ட திறனாய்வு என் எழுத்துக்குக் கிடைத்ததில்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை எச்சவியலோடு முடித்தார், நானும் அவ்வாறே. எச்சம் என்ற சொல்லுக்குத் தமிழில் மிச்சம் என்றும் பொருள், கழிவு என்றும் பொருள், பிள்ளை என்றும் பொருள். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழி, டயப்பர் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே இப்பிரச்சினையை முழுதாக உணர்ந்திருந்தது என்று நான் முடிவு கட்டினால் யாரும் சிரிக்கக் கூடாது. இதைவிட மெல்லிய ஆதாரத்தில் இங்கே முனைவர் பட்டங்கள் வாங்கியிருக்கிறார்கள். டயப்பரின் எச்சம் எங்கே போகிறது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை உறையிலோ தாளிலோ நன்றாகச் சுற்றி, மக்காத குப்பைக்குரிய தொட்டியில் போடச் சொல்லின. சுற்றினோம், போட்டோம். சுற்றியதை மறுநாள் காலையில் கையால் தொட்டுப் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் தெருமுனைக்கு வரும்போது நாம் பல் துலக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் பிரித்தது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நம் எச்சத்தின் எச்சம் வரைக்கும் அங்கே இருக்கும்.

மூன்றாவது பொருளதிகாரம்

ஈரம் உண்பது அகமெனப் படுமே;
ஈரம் தடுப்பது புறமெனப் படுமே;
இரண்டும் கசியின் பாயெனப் படுமே.

பொருள் வெளிப்படை. உள்ளே உறிஞ்சும் அடுக்கும் வெளியே தடுக்கும் அடுக்கும் என நாப்பிக்கு இரண்டே திணை.

அகத்திணைக்கு முதற்பொருள் பழைய வேட்டி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, தாத்தா கட்டிப் பழகிய வேட்டியைக் கிழித்துத்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நான் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, கடையில் புதுத்துணி நாப்பி வாங்கினேன். அதன் குறிப்புத்தாளில், முழு உறிஞ்சுதிறன் வர, கட்டுவதற்கு முன்பே பல தடவை துவைத்துக் காயவைக்கும்படி எழுதியிருந்தது. பருத்தி இழைமேல் இயல்பாகவே மெழுகுப் பூச்சு உண்டு. நெசவில் கஞ்சியும் ஏறும். அவை போனால்தான் துணி தண்ணீர் குடிக்கும். என் மாமனார் தம் வேட்டியைப் பன்னிரண்டு வருடம் கட்டி, துவைத்து, இந்த முன்தயாரிப்பைப் பேத்தி பிறக்கும் முன்பே முடித்துவைத்திருந்தார். மூடநம்பிக்கை வென்றது. ஆனால் என் தலைமுறை பேரப்பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்லும்? நாங்கள் கட்டுவது பாலியெஸ்டர் கலந்தது, ஒட்டிக்கோ கட்டிக்கோ வகை. வேட்டி கோவணமான காலம் போய், டயப்பரில் இருக்கும் ஒட்டு வேட்டிக்கு ஏறிவிட்டது.

புறத்திணையின் வரலாறு கை நனைந்தவர்களின் வரலாறு. 1946இல் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், ஈரப்படுக்கையை மாற்றி மாற்றி அலுத்து, குளியலறைத் திரையை வெட்டித் தைத்து ஒரு நீர்புகா உறை செய்தார். ஊக்குக்குப் பதில் அமுக்குப் பொத்தானும் வைத்தார். நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் 1949இல் அது விற்பனைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் வாலரி ஹன்டர் கார்டன் என்ற தாய் பாராசூட் நைலானை வெட்டி உறை தைத்து, உள்ளே எறியத்தக்க பஞ்சு அடுக்கு வைத்தார். வானத்திலிருந்து விழுபவரைக் காக்கும் துணி, மடியிலிருந்து வழிவதைக் காக்க வந்தது. அந்த ஊக்குக்கும் ஒரு கதை: இன்று நாம் அறிந்த வடிவில் அதற்கு 1849இல் காப்புரிமை வாங்கிய வால்டர் ஹன்ட், பதினைந்து டாலர் கடனை அடைப்பதற்காக உரிமையை நானூறு டாலருக்கு விற்றுவிட்டார். ஊக்கு கண்டவருக்குத் தன் பையைப் பூட்டத் தெரியவில்லை.

டயப்பரின் தலபுராணம் பியோரியா புராணம். பியோரியா என்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஊர். புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக் குழந்தையின் துணியை மாற்றுவது பிடிக்காமல் போய், தம் குழுவை எறியும் நாப்பியின்பால் திருப்பினார். அதன் பலனாக வந்த பாம்பர்ஸ் 1961இல் முதன்முதலாகச் சோதனை விற்பனைக்கு வந்த தலம் பியோரியா. ஒன்று பத்து சென்ட். விலை அதிகம் என்று பியோரியாத் தாய்மார் ஒதுக்கினார்கள். விலையை இறக்கியபிறகே உலகம் வாங்கியது. அதே பியோரியாவில் இருந்த அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம், மாவுச்சத்தில் வேதிச்சங்கிலியைக் கோத்து, தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீர் குடிக்கும் பொருளைச் செய்தது. அந்தக் குலத்தில் வந்த சோடியம் பாலிஅக்ரிலேட் தூள்தான் 1980களில் டயப்பருக்குள் புகுந்து அதை மெலிய வைத்தது. டயப்பரைக் கிழித்தால் கற்கண்டுபோல் உதிருமே, அதுதான்.

இத்தூளை ஆராயும்போது தொல்காப்பியரின் ஆசிரியர் என்று மரபு சொல்லும் அகத்தியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் உறிஞ்சுவதில் வல்லவர். ஆனால் ஒரு வேறுபாடு: நன்னீரை நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் இத்தூள், உப்பு கலந்த சிறுநீரில் பல மடங்கு குறைவாகவே குடிக்கிறது. முனிவர் குடித்ததோ உப்புக் கடல். வெற்றி அகத்தியருக்கே.

'சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?' என்ற கேள்விக்கு வருகிறேன். துணிக் கட்சிக்காரர்கள் இந்தப் பத்தியில் கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டரை வருடம் டயப்பர் கட்டும் குழந்தையின் கணக்கில் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெளியீட்டை எழுதியது. துணி கட்டும் குழந்தையின் கணக்கில் சுமார் 570 கிலோ. கிட்டத்தட்டச் சமம். காரணம் துவைக்கும் விதம். கொதிக்கும் நீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் போட்டால் துணி டயப்பரைவிட மோசம். வாளி நிறையச் சேர்த்து மெஷினில் போட்டு, கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் கணக்கு வெகுவாக இறங்கும். 2023இல் அங்கே வந்த மறு ஆய்வில், துணியின் கணக்கு டயப்பரைவிடச் சுமார் கால் பங்கு குறைவு என்றாயிற்று. அந்நாட்டார் வெயிலைத் தேடிச் செய்யும் தவத்தை, நம் மொட்டைமாடி வருடத்தில் ஒன்பது மாதம் சும்மா செய்கிறது.

மீதி மூன்று மாதம்? அங்கேதான் முல்லைத்திணை. முல்லைக்குப் பெரும்பொழுது கார். உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். அடைமழையில் கொடியில் கிடக்கும் இருபத்துநான்கு துணிகளை நோக்கி ஒரு குடும்பமே ஆற்றியிருப்பது முல்லை அன்றி வேறென்ன? வினைமுற்றி மீளும் தலைவனின் தேரொலிக்குக் காத்திருப்பதுபோல் நாங்கள் வெயிலுக்குக் காத்திருந்தோம். மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை நிறுத்தித் துணி போர்த்தினோம். கூடம் பட்டாபிஷேக மண்டபம் ஆயிற்று. இஸ்திரிப் பெட்டியும் பணியாற்றியது. நான்காம் நாள் வாசம் வந்தது; அது முல்லைப்பூ வாசம் அன்று.

முல்லை முற்றினால் களவு. அம்மா தூங்கியபின், பரண்மேல் சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்த டயப்பர்ப் பொட்டலத்தை நான் எடுக்க, அதில் மனைவி ஏற்கெனவே இரண்டைக் குறைத்துவைத்திருந்தது தெரிந்தது. களவு வெளிப்பட்டால் கற்பாகும் என்பது இலக்கணம். மறுநாள் முதல், இரவுக்கு ஒரு டயப்பர் என்று சட்டம் இயற்றினோம்.

பொருள் என்பதற்குக் காசு என்றும் பொருள் இருப்பதால் வீட்டுக் கணக்கையும் பதிகிறேன். டயப்பர் ஒன்பது ரூபாய், நாளுக்கு 7, மாதத்துக்கு 1,890 ரூபாய். துணிப் பக்கம்: சதுரத் துணி 24, நீர்புகா உறை 6, ஆகச் செலவு 3,540 ரூபாய், இரவு டயப்பருக்கு மாதம் 270. சோப்புத்தூள், தண்ணீர், மின்சாரம் தனி. மூன்றாம் மாதத்துக்குள் முதல் திரும்பிவிட்டது. கணக்கைப் பெருமையோடு மனைவியிடம் நீட்டினேன். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், ஏட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கூலி எங்க?" என்றாள். துவைக்கும் கூலி என்று ஒரு வரி நான் எழுதவே இல்லை. நான் பார்த்த எந்த வீட்டுக் கணக்கிலும் அந்த வரி இல்லை.

மரபியல்

எந்தப் பொருளதிகாரமும் மரபியலில் முடிய வேண்டும். துணி கட்டுவது நம் மரபு என்று பலர் எழுதுகிறார்கள். கட்டியது மரபு, துவைத்தது யார் மரபு?

தமிழ் அகராதியில் வண்ணாத்தி மாற்று என்றொரு சொல் இருக்கிறது. வண்ணார் வீட்டுப் பெண் கொடுத்துவாங்கும் மாற்றுத் துணி. தீட்டுத் துணி, பிரசவ வீட்டுத் துணி எல்லாம் பல ஊர்களில் அவர் கைக்குத்தான் போயின. அவருக்குக் கிடைத்தது சோறும் தானியமும், வாசலுக்கு வெளியே. அவர் இல்லாத வீட்டில் பெற்றவளின் தாய், அவளும் இல்லாவிட்டால் பெற்றவளே, பச்சை உடம்போடு. முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று எழுதும் கை, அந்தத் துணியை ஒருநாளும் அலசியதில்லை. டயப்பர் வந்து அந்தப் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் உட்காரக் கொடுத்தது. டயப்பரை ஏசுவோர் முதலில் இதற்கு நன்றி சொல்லிவிட்டு ஏச வேண்டும்.

என் அம்மாவிடம் சான்று கேட்டேன். "ஒன்னய வளத்தப்ப உங்கப்பா ஒரு நா ஒரு கோமணத்த அலசுனதில்ல. காஞ்சத எடுத்து மடிச்சதோட சரி. அதையும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமயடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாவ" என்றாள். என் தகப்பனார் மறுப்புரை எழுப்பவில்லை. செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சட்டப்படியான 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து மனைவி வங்கிக்குத் திரும்பினாள். துணிக்கு மாற வேண்டும் என்று கிளம்பியது நான். ஆகவே காலை ஐந்தரைக்கு வாளியின் முன் உட்கார்ந்ததும் நான். அப்போதுதான் அரங்கேற்றத் தடை வந்தது. மாமியார் கதவருகில் பதறி நின்றார். "மாப்ள, நீங்க போய் இதெல்லாம் தொடலாமா? வைங்க, நான் அலசிப் போட்டுர்றேன்." கை பாதி நகர்ந்துவிட்டது, மரபு அவ்வளவு சுகமானது. உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: "அம்மா, நீ காப்பி போடு. அவரு அலசட்டும்." அவ்விடத்தில் பிறந்தது இந்நூலின் தலைமைச் சூத்திரம்.

கைநனை யாதான் கருத்துரை கொள்ளேல்.

இதன் உரை: துணியா டயப்பரா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, அலசுகிறவருக்கே உண்டு. டோனவன் கை நனைந்தது, உறை செய்தார். மில்ஸ் கை நனைந்தது, டயப்பர் செய்தார். இருவர் தீர்ப்பும் வேறு வேறு, இரண்டும் செல்லும். கை நனையாதவர் சொன்னால் எந்தத் தீர்ப்பும் செல்லாது. அவர் மாமனாராயினும், முனைவராயினும், இயற்கை ஆர்வலராயினும்.

புறனடை

எந்த நூலும் எல்லாவற்றையும் சொல்லி முடியாது. விடுபட்டவற்றைப் புறனடையால் கொள்க. பயணத்தில், கல்யாண வீட்டில், வயிற்றுப்போக்கின்போது, அடைமழையில், பிள்ளை பெற்ற முதல் வாரங்களில், டயப்பர் கேட்கும் குழந்தைக் காப்பகத்தில், அம்மா ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டிய எந்த இரவிலும் டயப்பர் குற்றமில்லை. துணி மென்மையாக இருக்கட்டும் என்று வாசனைத் திரவம் ஊற்றாதிருக்க. ஊற்றினால் துணி தண்ணீர் குடிக்க மறுக்கும். எதைக் கட்டினாலும் நனைந்தவுடன் மாற்றுக. பிள்ளையின் தோலுக்குத் துணிக் கட்சியும் தெரியாது, டயப்பர்க் கட்சியும் தெரியாது. ஈரம் மட்டும் தெரியும்.

இந்நூலுக்கு மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்களை வரவேற்கிறேன். எழுதுமுன் ஒரு வாளி மட்டும் அலசிவிடுங்கள். என்னிடம் ஒன்று ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.